ஜி13 இன்ஜினை 8,000 சுற்றுக்குத் தயார் செய்வது

பிற்கால எஸ்டீம், பிற்கால ஜிப்சி கிங், 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் ஆகிய மூன்றிலும் இருப்பது மாருதி சுசுகியின் 1298 சிசி ஜி13பிபி இன்ஜின். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒன்று, 16 வால்வு, அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். கோவை செட்டிபாளையத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடும் எல்ஜிபி பார்முலா பந்தய வண்டிகளில் உட்கார்ந்திருப்பதும் இந்த 1300 சிசி ஸ்விஃப்ட் இன்ஜின்தான். உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும், எடை குறைவு, கைக்குப் பழகிய மெக்கானிக்குகளும் அதிகம். அதனால் அதையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியில் இருந்து வந்த நிலையில் இதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,500 சுற்று போதும். சுற்று எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை 8,000-இல் வைத்து, 7,600 பக்கம் கியர் மாற்றுவது நம் இலக்கு.

இது டிராக் வண்டிக்கும் ராலி வண்டிக்குமான வேலை. ரோட்டில் ஓடும் வண்டியின் இன்ஜினை அனுமதி இல்லாமல் மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். போட்டி வண்டி என்றால் உங்கள் வகுப்பின் விதிமுறையை முதலில் படியுங்கள். ஸ்பிரிங்கைக்கூடத் தொடக்கூடாத வகுப்புகள் உண்டு.

மேலே போனால் என்ன கிடைக்கும்?

ஜிப்சி கிங்கின் 80 குதிரைத்திறன் 6,000 சுற்றில் வருகிறது. அதற்கு மேல் ஒரிஜினல் கேமும் இன்டேக் மேனிஃபோல்டும் போதுமான காற்றைத் தருவதில்லை. சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இந்த நிலையில் லிமிட்டரை மட்டும் 8,000-க்குத் தூக்கினால் தேய்மானத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். எனவே கேமை முதலில் முடிவு செய்யுங்கள். பவர் உச்சம் 7,200 வாக்கில் வரும் கேம் என்றால் 7,600-இல் கியர் மாற்றுவதற்கு அர்த்தம் இருக்கிறது. இன்டேக் ரன்னர், எக்ஸாஸ்ட், ஹெட் போர்ட் எல்லாம் அதே சுற்றை நோக்கி அமைய வேண்டும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் (அதிக டியூரேஷன்) கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கீழ்ச் சுற்றில் அழுத்தம் கசியும். அதை ஈடுகட்டத்தான் கம்ப்ரஷன் விகிதத்தை 10.5 முதல் 11 வரை ஏற்றுகிறார்கள். கீழே 3,000-இல் இழுவை குறையும், அதற்கு மருந்து கிடையாது.

கொஞ்சம் கணக்கு

போர் (சிலிண்டர் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மில்லிமீட்டர். பிஸ்டனின் சராசரி வேகம் 6,500 சுற்றில் விநாடிக்கு 16.4 மீட்டர், 8,000-இல் 20.1 மீட்டர். இருபது என்பது நல்ல பாகங்கள் போட்ட இன்ஜினுக்குப் பயப்படத் தேவையில்லாத அளவு. ஆனால் பாகங்களை உடைப்பது இந்த வேகம் அல்ல, மேல் முனையில் பிஸ்டன் நின்று திரும்பும் திருப்பம். அந்த இழுவிசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 6,500-இல் இருந்து 8,000 என்றால் சுற்று 23 சதவீதம்தான் கூடுகிறது, இழுவிசையோ 51 சதவீதம் கூடுகிறது.

8,000 சுற்றில் மேல் முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 3,500 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால் கனெக்டிங் ராடை அது கிட்டத்தட்ட 1,400 கிலோ எடைக்குச் சமமாக மேலே இழுக்கிறது. பிஸ்டனில் கூடும் ஒவ்வொரு கிராமும் ராட் போல்ட்டில் மூன்றரை கிலோ. இந்த இழுப்பு மிகக் கொடூரமாக விழுவது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில். கம்ப்ரஷன் முடிவில் வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி ஈடுகொடுக்கும். எக்ஸாஸ்ட் முடிவில் தடுக்க ஒன்றும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு உச்சச் சுற்றில் இறங்கும்போது ராட் போவதற்கும் இதுதான் காரணம்.

வால்வுப் பக்கம்

ஜி13-இல் முதலில் கைவிரிப்பது பெரும்பாலும் கீழ்ப்பகுதி இல்லை, ஹெட். கேமின் மூக்கைத் தாண்டியதும் வால்வைத் திரும்ப இழுத்து மூடுவது ஸ்பிரிங் ஒன்றுதான். வால்வைத் தள்ளும் ராக்கர், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர், வால்வு எல்லாவற்றின் எடையையும் அது அடக்க வேண்டும். அடக்க முடியாத சுற்றில் ராக்கர் கேமை விட்டு எழும்பும், வால்வு சீட்டில் மோதித் துள்ளும். டாக்கோமீட்டர் ஏற மறுக்கும், மிஸ்ஃபயர் போலக் கேட்கும். பலர் இதை இக்னிஷன் கோளாறு என்று நினைத்து பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் உங்கள் ஹெட்டில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஹைட்ராலிக் அட்ஜஸ்டரா, ஸ்குரூ டேப்பெட்டா என்று திறந்து பாருங்கள். ஹைட்ராலிக் என்றால் ராக்கர் எழும்பும் அந்த இடைவெளியை அது ஆயிலால் நிரப்பிவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும், நேரம் சரியில்லை என்றால் பிஸ்டனிலேயே தட்டும். 8,000-க்கு ஸ்குரூ டேப்பெட்தான் சரி.

ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவது நம் ஒர்க்‌ஷாப்களில் பழைய பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கில் அரை மில்லிமீட்டர் வாஷர் கூட்டித் தருவது 15 நியூட்டன், ஒன்றரைக் கிலோ. நமக்குத் தேவையோ மொத்த விசையில் ஒன்றரை மடங்கு. அந்தச் சொற்ப லாபத்துக்காக ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் ஆபத்தை அரை மில்லிமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்திருப்பீர்கள். முட்டினால் ராக்கர் உடையும், இல்லை கேம் மூக்கு உரியும். வாஷரின் உண்மையான வேலை 16 ஸ்பிரிங்கையும் ஒரே பொருத்து உயரத்துக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான். கேம் அரைத்தவர் அல்லது தயாரித்தவர் சொல்லும் ஸ்பிரிங்கையே வாங்குங்கள், கூடவே எடை குறைந்த ரிடெய்னரையும். ராக்கர் முனையில் இருந்து கிராம் குறைப்பது ஸ்பிரிங்கை இறுக்குவதைவிட நல்லது. ஆனால் ராக்கரின் பக்கவாட்டைத் தேய்த்து மெலிதாக்கும் வேலை வேண்டாம். கீறல் அங்கேதான் தொடங்கும்.

மாட்டும்போது நான்கு இடங்களை அளக்க வேண்டும். வால்வு முழு லிஃப்டில் இருக்கும்போது ஸ்பிரிங் இன்னும் 1 மில்லிமீட்டராவது சுருங்க இடம் வேண்டும். ரிடெய்னரின் அடிக்கும் வால்வு சீலுக்கும் இடையே 1.5 மில்லிமீட்டர். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்ட்டில் 2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல்? அதைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு வருகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் தாமதித்தாலும் பிடித்துவிடும். நான்காவது, பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. உச்சச் சுற்றில் ராட் சற்று நீளும், பிஸ்டன் போருக்குள் சாயும். கேஸ்கெட் அமுங்கிய பிறகு 0.9 முதல் 1 மில்லிமீட்டர் வையுங்கள்.

வால்வு இடைவெளியைப் பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். பிஸ்டனின் வால்வுப் பள்ளங்களில் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பி, மேலே ஒரு சொட்டு ஆயில் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முறையான டார்க்கில் இறுக்கி, டைமிங் பெல்ட்டைப் போட்டு, டேப்பெட் இடைவெளியைப் பூஜ்யமாக்கிக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலம் போடாதீர்கள், நிறுத்துங்கள். ஹெட்டைத் தூக்கிக் களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தை வெர்னியரில் அளந்தால் விடை கிடைக்கும். கேமை டிகிரி வீல் (கோணம் அளக்கும் தட்டு) வைத்துச் சரி செய்த பிறகு இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கேமை 4 டிகிரி நகர்த்தினாலே இந்த அளவுகள் மாறிவிடும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர் இரண்டும் புதிது, ஒரிஜினல். இதில் பேரம் வேண்டாம்.

ராட், போல்ட், கிராங்க்

ராட் போல்ட் வெறும் இறுக்கியல்ல, அது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது சற்று நீண்டு, அந்த நீட்சியால் ராடின் அடி மூடியான கேப்பைப் பிடித்து வைக்கிறது. இழுவிசை அந்தப் பிடியைத் தாண்டினால் கேப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடி அளவு திறந்து மூடும். சில நிமிடத்தில் போல்ட் களைத்து அறும். ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த இன்ஜின்களில் குற்றவாளி பெரும்பாலும் இந்தப் போல்ட், அல்லது அதற்கு முன்பே பிடித்துப்போன பேரிங்.

ஆகவே ஏஆர்பி போன்ற நல்ல கம்பெனியின் போல்ட். ஆனால் போல்ட்டை மட்டும் மாற்றி அப்படியே பூட்டிவிடக் கூடாது. புதிய போல்ட்டின் பிடி அதிகம் என்பதால் ராடின் பெரிய முனை வட்டம் கெடும். போல்ட்டைப் போட்டு முழு டார்க்கில் இறுக்கியபடி அந்தத் துளையைத் திரும்ப ஹோன் செய்து (நுண்ணியதாகத் தேய்த்து) வட்டத்தைச் சரிப்படுத்த வேண்டும். இறுக்கும்போது போல்ட் தயாரிப்பாளர் தரும் கிரீஸையே தடவுங்கள். உலர்ந்த மரையில் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும், போல்ட் போதுமான அளவு நீண்டிருக்காது. நீட்சி அளக்கும் கேஜ் இருந்தால் டார்க்கை மறந்து அதைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டின் இறுக்காத நீளத்தையும் மைக்ரோமீட்டரில் எடுத்து, எந்த ராடில் எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது 0.025 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது குப்பைக்கு.

பழைய ராடையே வைப்பதானால் மேக்னெட்டிக் கிராக் டெஸ்ட் செய்து, ஷாட் பீனிங் (சிறு குண்டுகளால் மேற்பரப்பை அடித்து வலுவாக்குவது) போட்டு, வளைவு பார்த்து வாங்குங்கள். 7,500 வரை அது தாங்கும். 8,000-ஐ நாள் முழுக்கத் தொடுவது என்றால் ஃபோர்ஜ்டு ராடும் எடை குறைந்த ஃபோர்ஜ்டு பிஸ்டனும் போடுங்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். போர் இடைவெளியைப் பிஸ்டன் கம்பெனி சொன்னபடி விட வேண்டும், பழைய வார்ப்புப் பிஸ்டனின் அளவில் ரீபோர் செய்தால் பிடித்துக்கொள்ளும். மேல் ரிங் முனை இடைவெளி 0.30, இரண்டாவது ரிங் 0.37 மில்லிமீட்டரில் தொடங்கலாம். கனத்த ரிங் உச்சச் சுற்றில் பள்ளத்துக்குள் துடித்து வாயுவை விடும். 1 அல்லது 1.2 மில்லிமீட்டர் ரிங் எடுக்கும் பிஸ்டனைத் தேடுங்கள்.

கிராங்க் நல்ல நிலையில் இருந்தால் அரைக்காமல் பாலிஷ் மட்டும் போதும். அரைத்தே ஆக வேண்டும் என்றால் கிரைண்டரிடம் ஒரு விஷயத்தை வலியுறுத்துங்கள்: ஜர்னலும் (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) பக்கத்துக் கன்னமும் சேரும் மூலையில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். அவசரத்தில் கல்லை மூலை வரை ஓட்டிக் கூர்மையாக விட்டுவிடுவார்கள். கிராங்க் முறிவது அந்த மூலையில்தான். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டக்கூடாது. ஆயில் துளைகளின் வாயைச் சற்று அகட்டி மழமழப்பாக்கி, துளை உள்ளே நீளமான பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அரைத்த தூள் அங்கே ஒளிந்திருக்கும்.

பேரிங் இடைவெளிக்கு எளிய விதி, விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ராட் மாட்டும் கிராங்க் பின் 42 மில்லிமீட்டர் என்றால் 0.042. 0.04-க்கும் 0.05-க்கும் இடையில் எல்லாம் ஒரே மாதிரி வந்தால் நல்லது. போர் கேஜிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்துவிட்டு, சரிபார்க்க மட்டும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் இழை) போடுங்கள். பேரிங் டிரைமெட்டல் (மூன்று உலோக அடுக்கு) வகையாக இருக்கட்டும்.

நான்கு பிஸ்டனும் பின்னோடு சேர்த்து அரை கிராமுக்குள், ராடுகள் பெரிய முனை, சிறிய முனை தனித்தனியாக ஒரு கிராமுக்குள். வரிசையில் நான்கு சிலிண்டர் என்பதால் கிராங்க்கைப் பாலன்ஸ் செய்யப் போலி எடை கட்டத் தேவையில்லை. ஃப்ளைவீல், கிளட்ச் கவர், முன் புல்லி மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாலன்ஸ் செய்து, எது எந்த நிலையில் இருந்தது என்று குத்துப்புள்ளி வைத்துவிடுங்கள். பழைய ஃப்ளைவீலை லேத்தில் போட்டு மெலிதாக்க வேண்டாம். 8,000 சுற்றில், மையத்தில் இருந்து 10 சென்டிமீட்டரில் உள்ள உலோகம் விநாடிக்கு 84 மீட்டரில் ஓடுகிறது. வெடித்தால் வருவது ஓட்டுபவரின் கால் பக்கம். எஃகில் கடைந்த ஃப்ளைவீல் வாங்குங்கள், முடியாவிட்டால் ஒரிஜினலே இருக்கட்டும். முன் புல்லியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றி அலுமினியப் புல்லி போடும் ஆசையும் வேண்டாம். கிராங்க்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவதே அந்த ரப்பர்தான்.

ஆயில்

கிராங்க்கில் மெயின் ஜர்னலில் இருந்து ராட் பின்னுக்கு ஆயில் போகும் துளை ஜர்னலின் மையத்தை ஒட்டிப் போகுமானால், வெளியே வீசும் விசையை எதிர்த்து ஆயிலை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. 45 மில்லிமீட்டர் ஜர்னலில் 6,500 சுற்றுக்கு அதற்கு மட்டும் சுமார் 1 பார் அழுத்தம் செலவாகும், 8,000-க்கு 1.5 பார். கேஜில் 3 பார் காட்டினாலும் ராட் பேரிங்குக்குப் போகும் வழியில், ஜர்னலின் மையத்தில் பாதிதான் மிச்சம். சூடான ஆயிலில், உச்சச் சுற்றில் 4.5 முதல் 5.5 பார் வரை இருக்க வேண்டும். அதிக அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு மெல்லிய வாஷர் கொடுத்து இதை எட்டலாம். இங்கே வாஷர் சரியான மருந்து, ஆனால் பம்ப் ரோட்டரின் இடைவெளி மேனுவல் அளவுக்குள் இருந்தால் மட்டும்.

அழுத்தம் இருந்தும் பேரிங் போவதற்கு இன்னொரு காரணம் வளைவு. நீண்ட வளைவில் ஆயில், அது தேங்கும் சம்ப்பின் ஒரு பக்கம் ஏறிக்கொள்ள, பிக்அப் குழாய் காற்றை உறிஞ்சும். ஒரு விநாடி போதும். சம்ப்புக்குள் பிக்அப்பைச் சுற்றிப் பெட்டி போல் தகடு வெல்டு செய்து, ஆயில் உள்ளே மட்டும் வரும்படி கீல் வைத்த கதவு போடுங்கள். கிராங்க்குக்கும் ஆயிலுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடும் வையுங்கள். ஆயில் கூலருக்குத் தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர். சென்னை வெயிலில் சம்ப் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். தரம் 10டபிள்யூ-50 முழு சிந்தெடிக். டாஷ்போர்டில் உள்ள ஆயில் விளக்கை நம்ப வேண்டாம், அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். 3.5 பாருக்குக் கீழே போனால், 5,000 சுற்றுக்கு மேல் இன்ஜினைத் தானே அணைக்கும்படி இன்ஜினை ஆளும் கணினியான ஈசியுவில் அமைத்துவிடுங்கள்.

தீப்பொறியும் பெட்ரோலும்

ஒரே காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய எஸ்டீம் என்றால் இது: 8,000 சுற்றில் நிமிடத்துக்கு 16,000 பொறி, ஒரு பொறிக்கு 3.75 மில்லிவிநாடி. காயில் நிரம்ப 3, பொறி எரிய 1 மில்லிவிநாடி என்றாலே கணக்கு உதைக்கிறது. இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் போட்டால் 7.5 மில்லிவிநாடி கிடைக்கும், போதும். இன்ஜெக்டருக்கு ஒரு முழுச் சுழற்சியில் இருப்பது 15 மில்லிவிநாடி. அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்க வேண்டி வந்தால் பெரிய இன்ஜெக்டர் தேவை. உச்சச் சுற்றில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும், எச்சரிக்கை ஒன்றும் வராது.

வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் பெரிய புல்லி போட்டு மெதுவாக்குங்கள். கிராங்க்கைவிட இரட்டிப்பு வேகத்தில் சுற்றும் ஆல்டர்னேட்டர் 8,000-இல் 16,000 சுற்றைத் தொடும். பம்ப்போ தண்ணீரைத் தள்ளாமல் நுரையாக்கும்.

முதல் ஸ்டார்ட்

பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் ஒயரைப் பிடுங்கி, ஆயில் கேஜில் அழுத்தம் தெரியும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், பத்து பத்து விநாடியாக. ஸ்டார்ட் ஆனதும் புதிய கேம் என்றால் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 வரை ஏற்றி இறக்கி 20 நிமிடம். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் பூச்சு இருந்தால் பரவாயில்லை. செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங், அங்கேயே நிறுத்திச் சம்ப்பை இறக்குங்கள்.

ரிங் உட்கார பாரம் வேண்டும். மூன்றாவது கியரில் 2,500-இல் இருந்து 5,000 வரை பாதிக்கு மேல் ஆக்ஸிலரேட்டரில் இழுத்து, அதே கியரில் விட்டு இறக்குவது, இருபது முறை. லிமிட்டரை முதலில் 6,500, லீக்டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது) சரியானால் 7,200, டேப்பெட் இடைவெளி மாறவில்லை என்று பார்த்த பிறகே 8,000.

லிமிட்டர் காப்பாற்றாத தவறு ஒன்று உண்டு. நான்காவதில் 6,000 சுற்றில் வந்து, மூன்றாவதுக்குப் பதில் இரண்டாவதில் செருகிவிட்டால், 0.97-க்கு 1.9 என்ற விகிதத்தில் கிராங்க் 11,700 சுற்றுக்குத் தள்ளப்படும். பெட்ரோலை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தேய்ந்த கியர் லிவர் புஷ்ஷும் தொங்கும் இன்ஜின் மவுண்ட்டும் இந்தத் தவறுக்குப் பாதி காரணம், இரண்டையும் இன்ஜின் வேலையின்போதே மாற்றுங்கள். ஈசியு பதிவில் 8,600-க்கு மேல் ஒரு முறை தெரிந்தாலும், வண்டி நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் சம்ப்பை இறக்கி ராட் போல்ட்டுகளை அளங்கள், லீக்டவுன் போட்டு வால்வு வளைந்திருக்கிறதா பாருங்கள்.

மற்றபடி ஒவ்வொரு போட்டி வார இறுதிக்கும் பிறகு டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். மூன்று வார இறுதிக்கு ஒரு முறை ஸ்பிரிங்கின் சீட் விசையை (வால்வு மூடியிருக்கும்போது அழுத்தும் விசை) அளங்கள், புதிதில் இருந்ததைவிட 10 சதவீதம் குறைந்தால் பதினாறையும் மாற்ற வேண்டும், குறைந்த ஒன்றை மட்டும் அல்ல.